நாலு கொதி

அந்தச் செய்தி காலை ஆறு நாற்பதுக்கு வந்திருந்தது. நான் பார்த்தபோது மணி பத்து இருபது.

"நீங்க சொன்ன மாதிரி நாலு கொதி விட்டுத்தான் பால்மாவு கலக்குறேன். நேத்துல இருந்து பாப்பா நகம் கொஞ்சம் நீலமா தெரியுது. உதடும். குளிரா இருக்குமா?"

அதற்குக் கீழே எங்கள் பதில். "உங்கள் செய்தி கிடைத்தது. மூன்று வேலை நாட்களுக்குள் பதிலளிக்கப்படும். நன்றி." அது யாரும் உட்கார்ந்து எழுதிய பதில் அல்ல. யார் எழுதினாலும் தானாகப் போகும்படி நான்தான் அமைத்து வைத்திருந்தேன்.

அதற்கும் கீழே மறுபடி அவள். "சரிங்க. அதுவரைக்கும் இன்னும் நல்லா காய்ச்சியே குடுக்குறேன்."

உடனே தட்டினேன். "அந்தத் தண்ணியைக் குடுக்காதீங்க. பாப்பாவை உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. உங்க நம்பர் அனுப்புங்க." செய்தி போனது. பார்த்ததற்கான அடையாளம் வரவில்லை. அதிலேயே அழைத்துப் பார்த்தேன். மணி அடித்து அடித்து நின்றது. கணக்கின் பெயர் 'செல்லக்குட்டி அம்மா'. படத்தில் ஒரு முயல் பொம்மை. வேறு ஒன்றும் இல்லை.

எங்கள் அலுவலகம் சுற்றுச்சூழல் துறையின் கிளை. இரண்டு அறை, ஒரு ஜீப், ஒரு டிரைவர், ஒரு அதிகாரி. அதிகாரியை நாங்கள் சார் என்போம். துறையின் சமூக ஊடகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மக்களுக்குச் சொல்ல வேண்டியதை அதில் சொல்ல வேண்டும். நேரில் யாராவது நிமிர்ந்து பார்த்தாலே எனக்குப் பேச்சு வராது. டிரைவர் எனக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். திரையில் மட்டும் எனக்கு வாய் உண்டு.

ஒவ்வொரு வருடமும் பெருமழை நின்றதும் ஒரு சுவரொட்டி போடுவது வழக்கம். "குடிநீரைக் காய்ச்சி ஆறவைத்துப் பருகவும்." பதினான்கு பேர் விருப்பம் தெரிவிப்பார்கள். அதில் ஒருவர் என் அம்மா. இந்த வருடம் நான் வாசகத்தை மாற்றினேன். பொங்கி வழியும் பாத்திரம் ஒன்றை வரைந்து, "ஒரு கொதி போதாது மக்களே, நாலு கொதி!" என்று எழுதினேன். திங்கட்கிழமை போட்டது. வியாழனுக்குள் ஒன்பதாயிரம் பேர் பகிர்ந்துவிட்டார்கள். பேருந்தில் எனக்கு முன்னால் நின்ற ஒருவன் நண்பனிடம், "உன் மூளைக்கு நாலு கொதி விடணும்டா" என்றான். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டேன்.

இன்று வெள்ளி. காலை பத்து மணிக்குக் கிணறுகளின் ஆய்வறிக்கை வந்தது. ரயில் பாதைக்குக் கிழக்கே ஏழு கிணறுகள். கிருமி இல்லை. நைட்ரேட் அனுமதித்த அளவைப் போல மூன்று மடங்கு. வயல்களில் போட்ட உரமெல்லாம் மழையில் கரைந்து உள்ளே இறங்கியிருக்கிறது.

கிருமியைக் கொதிக்க வைத்துக் கொல்லலாம். நைட்ரேட் ஒரு உப்பு. அது சாகாது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர்தான் குறையும், மிஞ்சிய தண்ணீரில் உப்பு அடர்த்தியாகும். பெரியவர்களை அது உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தையின் ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் போகும். முதலில் நகம், பிறகு உதடு. கல்லூரியில் இதைப் பத்து மதிப்பெண் கேள்விக்கு எழுதியிருக்கிறேன். பத்துக்குப் பத்து.

அறிக்கையை எடுத்துக்கொண்டு சாரின் அறைக்குப் போனேன்.

"என்னம்மா, பத்தாயிரம் தாண்டிடுச்சா?" என்றார் அவர், தலையைத் தூக்காமல்.

நான் அறிக்கையையும் கைபேசியையும் மேசையில் வைத்தேன். படித்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இது எப்ப வந்துச்சு?"

"இன்னைக்குக் காலைல சார்."

"நீ போட்டது திங்கள். அப்ப நம்ம கையில ரிப்போர்ட் இல்ல. நம்ம மேல தப்பு இல்ல."

"சார், குழந்தை..."

"அதைத்தான் பார்க்கிறேன்." ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். எந்த உப்பு, எவ்வளவு, என்ன அறிகுறி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். எந்த மருந்து தயாராக இருக்க வேண்டும் என்று என்னைக் கேட்டு, நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். வைத்துவிட்டு, "வீடு எங்கே?" என்றார். தெரியாது என்றேன்.

"பழைய போஸ்டை எடு. திருத்தம் ஒண்ணு போடணும். எழுதிக்கோ."

எழுதிக்கொண்டேன். "கிழக்குப் பகுதிக் கிணற்று நீரில் நைட்ரேட் அளவு கூடுதலாக உள்ளமையால், முன்னர் வெளியிடப்பட்ட அறிவுரை திருத்தியமைக்கப்படுகிறது."

"சார், இதை யாரும் படிக்க மாட்டாங்க. நாலு கொதி தப்புன்னு..."

"அந்த வார்த்தை வேண்டாம்." குரலை உயர்த்தவில்லை. "போன வருஷம் விஷம்னு ஒரு வார்த்தை போட்டோம். ஊரே திரண்டு வந்து தண்ணித் தொட்டியை உடைச்சுது. மூணு நாள் குடிக்கத் தண்ணி இல்ல. இப்ப தப்புன்னு ஒரு தடவை சொன்னா, அடுத்த தடவை நாம சொல்றதை எவன் கேப்பான்?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

"ஜீப்பை எடுத்துட்டுப் போ. எப்படியாவது கண்டுபிடி. ஆனா நம்ம பக்கத்துல என்னைக் கேக்காம ஒரு எழுத்து போடாதே."

திருத்தம் போட்டுவிட்டுப் படியிறங்கினேன். ஜீப்பில் ஏறும்போது பார்த்தேன். பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். ஒரே ஒரு விருப்பம். அது டிரைவருடையது.

"படிச்சீங்களாண்ணே?" என்றேன்.

"நீ போட்டா கட்டைவிரலைத் தூக்கிடுவேன், அவ்வளவுதான். என்ன எழுதியிருந்துச்சு? திருவிழா லீவா?"

சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. வண்டி வேகமெடுத்தது.

பழைய வாசகத்தை நான் நீக்கியிருந்தேன். பிரயோஜனமில்லை. படமெடுத்து வைத்திருந்தவர்கள் பகிர்ந்துகொண்டே இருந்தார்கள். "நாலு கொதி" என்று தேடினேன். கடைசியாக வந்தது இரண்டு நிமிடத்துக்கு முன்னால். என் பாத்திரம் பொங்கிக்கொண்டே இருந்தது.

ரயில் கேட் மூடியிருந்தது. சரக்கு வண்டி பெட்டி பெட்டியாகப் போனது. அப்போது அம்மா போனில் கூப்பிட்டாள்.

"ஏன்டி, அந்தக் கொதிப் படத்தை ஏன் எடுத்துட்டே? சொந்தக்காரங்க எல்லாம் காணோம்கிறாங்க. நல்லவேளை, என் போன்ல இருந்துச்சு. திரும்ப அனுப்பிட்டேன்."

"அம்மா, யாருக்கு அனுப்பினே?"

"யாருக்குன்னா? எல்லா குரூப்புக்கும்தான். கல்யாண குரூப், சித்தப்பா வீட்டு குரூப், தையல் கிளாஸ், கேஸ் சிலிண்டர் குரூப்... பதினோரு குரூப். எல்லாத்துலயும் 'என் சின்னப் பொண்ணு எழுதினது'ன்னு போட்டிருக்கேன்."

"அம்மா, அது தப்பும்மா."

"எது தப்பு?"

சொன்னேன். அம்மா எதிர்க்கேள்வி கேட்கவில்லை. பிறகு மெதுவாக, "அடுப்புல எது சுண்டினாலும் உப்புக் கரிக்கும்தானே. இது எனக்கே தெரியுமே. எப்படிடி தோணாம போச்சு?" என்றாள்.

என்னைக் கேட்டாளா, தன்னைக் கேட்டுக்கொண்டாளா என்று தெரியவில்லை.

"நான் எல்லா குரூப்லயும் எழுதிடறேன். சொல்லு, என்ன எழுதணும்?"

"எழுதாதேம்மா. எழுதினா யாரும் படிக்க மாட்டாங்க. நான் பேசி அனுப்புறேன். அதைப் போடு."

"நீயா? பேசியா?"

பக்கத்தில் ஒரு எழுத்து போடக்கூடாது என்றுதான் சார் சொல்லியிருந்தார். அம்மாவின் குரூப்புகள் துறையின் பக்கம் அல்ல, குரல் எழுத்தும் அல்ல. இது சாமர்த்தியம் என்று எனக்கே தெரிந்தது. ஒப்பந்த வேலை. ஒரு தாள் போதும் என்னை அனுப்ப. சரக்கு வண்டி முடியும்வரை காத்திருந்தேன். சத்தம் அடங்கியதும் பொத்தானை அழுத்தினேன்.

"நாலு கொதி விடுங்கன்னு எழுதினது நான்தான். ஆபீஸ்ல பக்கம் பார்த்துக்குறவ. அது தப்பு. ரயில் பாதைக்குக் கிழக்கே கிணத்துத் தண்ணில உப்பு மாதிரி ஒண்ணு கலந்திருக்கு. தண்ணி சுண்டும், அது சுண்டாது. காய்ச்சக் காய்ச்சக் கூடும். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணில பால்மாவு கலக்காதீங்க. காய்ச்சினாலும் கலக்காதீங்க. குழந்தை நகமோ உதடோ நீலமா இருந்தா, இப்பவே, இந்த நிமிஷமே ஆஸ்பத்திரிக்குப் போங்க. செல்லக்குட்டி அம்மான்னு ஒருத்தங்க எனக்கு எழுதியிருந்தாங்க. அவங்களை யாருக்காவது தெரிஞ்சா... தயவு செஞ்சு போய்க் கதவைத் தட்டுங்க."

இரண்டு இடத்தில் குரல் உடைந்திருந்தது. அனுப்பிவிட்டேன். அம்மா உடனே கூப்பிட்டு, "நடுங்குதேடி, இன்னொரு தடவை நிதானமா பேசேன்" என்றாள்.

"வேண்டாம்மா. போடு."

கேட் திறந்தது. டிரைவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கியரைப் போட்டார்.

கிழக்குப் பக்கத்தில் முந்நூறு வீடுகளாவது இருக்கும். ஒவ்வொன்றாகத் தட்ட முடியாது. அவள் பால்மாவு என்று எழுதியிருந்தாள். பால்மாவு டப்பா மருந்துக்கடையில்தான் கிடைக்கும். அந்தப் பக்கத்தில் இருப்பது ஒரே கடை.

கடையில் இருந்த அம்மாள் ஐம்பதைத் தாண்டியவர். என் அடையாள அட்டையை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"கைக்குழந்தைக்குப் பால்மாவு யார் யார் வாங்குறாங்கன்னு தெரியணும்" என்றேன். பாதி வார்த்தை அவர் காதில் விழுந்திருக்காது.

"அதெல்லாம் சொல்ல மாட்டோம்மா. யார் வீட்டுக்கு என்ன மருந்து போகுதுன்னு வெளிய சொன்னா நாளைக்கு இந்தக் கடைக்கு யார் வருவா? லெட்டர் கொண்டு வா."

"ஒரு குழந்தைக்கு..."

"எல்லாரும் ஏதாவது ஒரு குழந்தை பேரைச் சொல்லித்தான் வருவாங்க. போன மாசம் பால்மாவுக் கம்பெனிக்காரனும் இப்படித்தான் வந்து நின்னான். தள்ளும்மா, பின்னாடி ஆள் நிக்கிறாங்க."

டிரைவர் வாசலிலிருந்து குரல் கொடுத்தார். "அக்கா, கொஞ்சம் கேளுங்க..."

"நீ யாரு, சிபாரிசா?"

பின்னால் நின்ற பெண்ணின் கையில் கைபேசி. அவள் எதையோ அழுத்தினாள். "நாலு கொதி விடுங்கன்னு எழுதினது நான்தான்" என்று என் குரல் கடைக்குள் கேட்டது. எனக்குக் காது சூடானது. பேசி முடித்துப் பதினைந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. முழுவதும் ஓடியது. குரல் உடைகிற இடத்தில் கடைக்கார அம்மாள் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது நீதானா?"

தலையாட்டினேன்.

"வாயால சொல்லு."

"நான்தான்."

அவர் மாத்திரை அட்டையைக் கீழே வைத்தார். "கவர்மென்ட்டுல தப்புன்னு சொல்லி இப்பத்தான் கேக்குறேன்" என்றார். பிறகு வேகமாக, "பால்மாவு வாங்குறவங்க மூணு பேரு. ஒருத்தி மகனுக்கு ஒரு வயசு ஆச்சு. இன்னொருத்தி அம்மா வீட்டுக்குப் போயிருக்கா. மூணாவது, தண்ணித் தொட்டிக்குப் பின்னாடி, இரும்புப் படி வெளிப்பக்கமா போகும், மாடி வீடு. மூணு மாசக் குழந்தை. நேத்து வந்து குளிருக்குக் காலுறை கேட்டா. ஓடு" என்றார்.

இரும்புப் படி மழை ஈரத்தில் வழுக்கியது. கதவைத் தட்டினேன். என் வயதுதான் இருக்கும் அவளுக்கு. ஈரக்கையைத் துண்டில் துடைத்தபடி திறந்தாள். உள்ளே அடுப்பில் பாத்திரம் கொதித்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கண்ணாடி முழுவதும் ஆவி.

"செல்லக்குட்டி அம்மாவா?"

"ஆமா. நீங்க?"

"ஆபீஸ்ல இருந்து வர்றோம். எங்களுக்கு எழுதியிருந்தீங்களே. பாப்பா எங்கே?"

"அடடா, மூணு நாள் ஆகும்னு போட்டிருந்துச்சே. அதுக்குள்ள நேர்லயே வந்துட்டீங்க." அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. "போன் சார்ஜ்ல கிடக்கு, சத்தத்தைக் குறைச்சு வெச்சிருக்கேன். பாப்பா தூங்குது பாருங்க, அதான். இன்னைக்கு நல்லா தூங்குது. அழவே இல்ல."

அழாமல் தூங்குவது நல்ல அடையாளம் இல்லை. அவளைத் தாண்டி உள்ளே போனேன். குழந்தை கம்பளிக்குள் இருந்தது. உதட்டைச் சுற்றிச் சாம்பல் நிறம். கம்பளியை விலக்கி விரலைப் பார்த்தேன். பாதத்தைச் சுண்டினேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, அழுவதற்குச் சிரமப்படுவது போல முகத்தைச் சுருக்கி, மறுபடி மூடிக்கொண்டது.

"அடுப்பை அணைச்சுட்டு வாங்க. ஆஸ்பத்திரிக்குப் போறோம்."

"ஏன்? பால் கலக்கணுமே..."

"தண்ணிதான் காரணம். வாங்க, வண்டில சொல்றேன்."

வண்டியில் சொன்னேன். டிரைவர் ஒலிப்பானிலிருந்து கையை எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. அவள் குழந்தையின் வாயருகே காதை வைத்துக்கொண்டே கேட்டாள். நடுவில் ஒரு முறை, "மூச்சு வருது" என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ் ஒருத்தி எங்களுக்காகவே நின்றிருந்தாள். சாரின் போன் வேலை செய்திருந்தது. குழந்தையின் காலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். பிராணவாயு அளவு எண்பத்து மூன்று என்று காட்டியது; நூறை ஒட்டி இருக்க வேண்டியது. எடுத்த ரத்தம் சிவப்பாக இல்லை. பழுப்பாக இருந்தது. டாக்டர் அதை வெளிச்சத்தில் ஒரு முறை பார்த்துவிட்டு மருந்தைக் கேட்டார். எங்களை வெளியே அனுப்பினார்கள்.

நடைவழியில் ஒரு நீள பெஞ்ச். அவள் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். டிரைவர் வண்டியை நிறுத்தப் போனவர் வரவில்லை. சார் போனில் கூப்பிட்டார்.

"அந்தக் குரல் நீயா?"

"ஆமா சார்."

"பக்கத்துல போடலையே?"

"இல்ல சார்."

மூச்சு விடும் சத்தம் கேட்டது. "குழந்தை?"

"உள்ளே இருக்கு சார். மருந்து ஏத்துறாங்க."

"மேல இருந்து ரெண்டு போன் வந்துடுச்சு. எழுத்துல விளக்கம் கேப்பாங்க. உன்னையும் கேப்பாங்க, என்னையும் கேப்பாங்க." கொஞ்சம் நிறுத்தினார். "குழந்தை கண்ணு முழிச்சதும் எனக்குச் சொல்லு. அதுக்கப்புறம் மத்ததைப் பார்க்கலாம்."

அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போனை வைத்ததும் கேட்டாள்.

"வண்டில ஆபீஸ் ஆபீஸ்னு சொன்னீங்களே. அந்த நாலு கொதி... அதை எழுதினது யாரு?"

"நான்தான்."

தோளில் கிடந்த ஈரத்துண்டை எடுத்து நாலாக மடித்தாள்.

"என் மாமியார் ஒரு கொதி போதும்னாங்க. கேஸ் வீணாகுதேன்னாங்க. நான்தான் சண்டை போட்டேன். படிச்சவங்க சொல்றாங்க, உங்களுக்கு என்ன தெரியும்னு. ரெண்டு நாளா அவங்க என்கூடப் பேசல."

மன்னிப்பு கேட்க வாயெடுத்தேன். வரவில்லை. வந்திருந்தாலும் அந்த நேரத்தில் அது அவளுக்குப் பாரம்தான்.

ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. முதலில் வந்தது அழுகைச் சத்தம். கதவுக்கு உள்ளிருந்து, கோபமாக, விடாமல். அவள் எழுந்து ஓடினாள். நான் கதவருகிலேயே நின்றேன். கிளிப்பில் தொண்ணூற்று நான்கு. உதட்டில் நிறம் வந்திருந்தது. டாக்டர் என்னிடம், "இன்னைக்கு ராத்திரி இங்கேயே இருக்கட்டும். இன்னும் ரெண்டு வேளை அதே பால் போயிருந்தா நான் வேற மாதிரி பேசிட்டிருப்பேன்" என்றார்.

சாருக்கு ஒரு வரி அனுப்பினேன். முழிச்சாச்சு.

அவள் குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொடுத்தபடி வந்தாள். என்னை நோக்கி இருந்த குழந்தையின் முகத்தை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டாள். தெரிந்து செய்தாளா என்று சொல்ல முடியாது. பிறகு சட்டென்று நின்றாள்.

"கீழ் வீட்டுப் பொண்ணு மாசமா இருக்கா. ஒன்பதாவது மாசம். அடுப்புகிட்ட நிக்க முடியலைங்கிறா. காய்ச்சின தண்ணி தினமும் ஒரு குடம் நான்தான் குடுக்குறேன். இன்னைக்குக் காலைல கூட."

பெரியவர்களிலும் நிறைமாதக் கர்ப்பிணியை அந்த உப்பு பாதிக்கக்கூடும். "நம்பர் இருக்கா?" என்றேன்.

"போன் வீட்டுலயே இருக்கு. ஆனா நம்பர் மனப்பாடம்."

அவள் சொல்லச் சொல்ல அழுத்தினேன். அறிமுகமில்லாத யாரையும் நானாக அழைத்துப் பேசியதில்லை. மணி நான்கு முறை அடித்தது. எடுத்தாள்.

"உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்க மாடி வீட்டு அக்கா பக்கத்துல இருக்காங்க, பாப்பா நல்லா இருக்கு. அவங்க குடுத்த குடம் எங்கே இருக்கு? ... இல்ல, மூடி வைக்காதீங்க. கொட்டிடுங்க. ... ஆமா, காய்ச்சினதுதான். காய்ச்சினதாலதான் சொல்றேன். ... மூச்சு வாங்குதா? உங்க விரல் நகத்தைப் பார்த்துச் சொல்லுங்க, என்ன நிறம்? ... வெளிச்சத்துக்கு வாங்க. ஜன்னல்கிட்ட வந்து பாருங்க. நான் லைன்லயே இருக்கேன்."